கண்டதை மட்டும்

தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு
மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள்.
பன்றி வளர்க்கும் சகோதரர்கள் இருவர்,
பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓடெல்,
காபிக்காக மட்டும் வந்த ஒருவர்,
நான்.

வானிலை அலுவலகத்துப் பெண்ணுக்கு
என் மகளைவிட வயது குறைவு.
முதல் படத்தைக் காட்டி, இது என்ன என்றாள்.
சுழற்காற்று என்றோம், ஒரே குரலில்.
மழை என்றாள்.
வெறும் மழை. தூரத்தில். பின்னால் வெயில்.
அடுத்ததற்கும் சுழற்காற்று என்றோம்.
அது ஆலைப் புகை.
அரண்டவன் கண்ணுக்கு என்று
அவள் ஆரம்பிக்கவில்லை.
மூன்றாவது படத்தைப் போட்டாள்.

பத்தொன்பது வருடமாக
நெப்ராஸ்காவின் இந்த மண்சாலைகளில்
தபால் கொண்டுபோகிறேன்.
எந்தப் பெட்டியின் கதவு இறுகிக்கிடக்கும்,
எந்த நாய் டயரைக் கடிக்கும், தெரியும்.
வானத்தை மட்டும்
கார்க் கண்ணாடியின் மேல்விளிம்பு வரைதான்
பார்த்திருந்தேன்.

பெட்ரோல் ரசீதின் பின்னால் எழுதிக்கொண்டேன்:
புயலுக்குத் தென்கிழக்கே நில்.
வண்டியின் மூக்கு தப்பும் திசையில் இருக்கட்டும்.
தொங்குவதெல்லாம் சுற்றாது.
பாலத்தடியில் ஒதுங்காதே.
கடைசி வரிக்கு இரண்டு அடிக்கோடு:
தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்.

ஜூன் ஒன்பது, மாலை ஆறு இருபது.
காற்று ஈரத் துணியாய்க் கழுத்தில் ஒட்டியது.
மேற்கே மேகம் பட்டறைக்கல்போல் எழுந்து
பாதி வானத்தை எடுத்துக்கொண்டது.
ஜெலினெக் பெட்டிக்கு அரை மைல் கிழக்கே,
சாலை ஏறி இறங்கும் மேட்டில்
எஞ்சினை அணைக்காமல் நின்றேன்.

மேகத்தின் தட்டையான அடியிலிருந்து
ஏதோ தொங்கிற்று. கந்தல்.
அந்த வார்த்தை நாக்கில் வந்துவிட்டது.
விரல் எண்ணின்மேல் வந்துவிட்டது.
ஒரு வேலிக்கம்பத்தைக் குறியாக்கி
அறுபதுவரை எண்ணினேன்.
கந்தல் பிய்ந்தது, நகர்ந்தது, சுற்றவில்லை,
கரைந்தே போயிற்று.
போனை மடியில் வைத்தேன்.
வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்றாலும்.

பிறகு வந்தது வேறு.
கனமாக, விளிம்பு தெளிவாக,
அடிபிடிக்காமல் கூழ் கிண்டுகிறவளின் கைபோல்
அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டு.
அதே கம்பம். அதே எண்ணிக்கை.
அறுபது. மறுபடி அறுபது.
ஆறு முறை.

ஜன்னல் வழியாக ஓர் ஆலங்கட்டி
மடியில் விழுந்தது.
சில்லறைத் தட்டிலிருந்து
கால் டாலர் நாணயத்தை எடுத்து
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சரியாக அதே அளவு.

ஆர்லிஸ் வாஷெக் பேசுகிறேன், பயிற்சி எடுத்தவள்.
நிற்கும் இடம் சொன்னேன்.
வடமேற்கே நான்கு மைல் இருக்கும், சுவர் மேகம்,
ஆறு நிமிடமாகச் சுற்றுகிறது.
ஆலங்கட்டி கால் டாலர் அளவு, அளந்துவிட்டேன்.
தரையைத் தொட்டுவிட்டதா என்றது மறுமுனை.
மரங்கள் மறைக்கின்றன.
தெரியாது.

அந்த ஒரு சொல்லுக்கு
என்ன பாரம்.

மழை குறுக்கே திரைபோட்டது.
இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால்
பார்த்திருக்கலாம்.
கியரைப் போட்டேன்.
தெற்கே நாலாவது மைலில்
ஊரின் அபாயச் சங்கு முதுகுப்புறம் கேட்டது.
கண்ணாடியில் கருப்பு மட்டும்.
திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது,
சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

மறுநாள் ஜெலினெக் வீட்டில்
களஞ்சியம் இல்லை.
அது நின்ற இடத்தில் நிறைய வெளிச்சம்.
தபால்பெட்டி நின்றது, சிவப்புக் கொடியைத் தூக்கியபடி.
உள்ளே அனுப்பவேண்டிய ஒரு கடிதம்,
ஓரம் நனைந்திருந்தது.

எல்டன் ஜெலினெக் முழங்கால்வரை சேறோடு வந்தார்.
சங்கு கேட்டு நிலவறைக்குப் போனோம்,
கதவைச் சாத்தியதும்தான் அந்தச் சத்தம், என்றார்.
நீ அங்கேதானே நின்றாயாம்,
எப்படி இருந்தது அது?

பார்க்கவில்லை என்றேன்.
மின்கட்டண ரசீதைக் கொடுத்தேன்.
கடிதத்தை வாங்கிக்கொண்டேன்.