அரைப்பேர்

மூன்று தோட்டத்துக்கும் ஒரே படிவம்.
கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுத வேண்டும்,
மேல்தாள் கொழும்புக்கு, அடித்தாள் ஹட்டனுக்கு.

முதலில் மேமலை. காடு வேலிவரை வந்து நிற்கும்.
பனி விலகுமுன் ஏறி
மரத்தில் கட்டிய கேமராவைக் கழற்றினேன்.
மரை மந்தை, குட்டிகளோடு.
கொம்போணான் ஒன்று, பாசிக்குள் பாசியாய்.
சிறுத்தை பதினொரு படம்;
ஒன்றில் வால் மட்டும்,
கடன் கொடுத்தவனைக் கண்டு சந்தில் திரும்பியவன் போல.
திலகசிறி மாத்தயாவுக்குச் சந்தோசம்.
"இங்க கூடியிருக்கு, போடு."
போட்டேன்.

அடுத்தது ஊசிமலை.
மரை இல்லை, மரைப் புழுக்கை உண்டு,
அதற்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள்.
ஓடையில் மருந்து டாங்கி கழுவிக்கொண்டிருந்தான் ஒருவன்.
தவளைக்கான வரிசையில்
நேராக ஒரு கோடு இழுத்தேன்.
சிறுத்தை நாலு படம்.
நாலும் ஒரே கிழட்டுப் பெண்,
இடது காது கிழிந்தது.
படிவம் காதைக் கேட்கவில்லை.
நாலு.

ஆற்றுப் பிரிவுக்குப் போகையில் மழை.
அங்கே தேயிலை பாதி, கரட்டும் லீக்ஸும் பாதி.
இரவு வந்த பன்றிகள்
கிழங்குப் பாத்தியை ஏர் இல்லாமல் உழுதிருந்தன.
பன்றிக் கட்டத்தில் எண் கொள்ளாமல்
ஓரத்தில் எழுதினேன்.
சிறுத்தை குறைந்த இடத்தில் பன்றிக்குத் துணிச்சல்.
பன்றிக்குத் துணிச்சல் வந்த இடத்தில்
கம்பி முளைக்கும்.
கம்பி ஆள் பார்த்துப் பிடிப்பதில்லை.

பத்தாம் நம்பர் மலை, கொய்யா மரத்தடி.
இடுப்பில் இறுகியிருந்தது.
சுற்றிலும் மண், வட்டமாய், ஆழமாய்ப் பறிபட்டு.
மூன்று நாள் இருக்கும் என்றார் மாத்தயா, மூக்கைப் பொத்தி.
நான் கம்பியைப் பார்த்தேன்.
மோட்டார் சைக்கிள் கிளச் கம்பி,
நுனியில் சிவப்பு டேப்.
பங்குனியில் அந்த டேப்பைச் சுற்றியவன் நான்.
பழசைக் கழற்றிப் போட்டபோது
அந்தோனிமுத்து கேட்டான், துணி காயப்போட என்று.
கொடுத்தேன்.

மாத்தயாவிடம் சொல்லவில்லை.

கூட்டினால் பதினைந்து. மூன்றால் பிரித்தால் ஐந்து.
போன வருசம் ஆறு.
"சிறிய குறைவு" என்று அச்சடிப்பார்கள்.
நான் மூன்று மலையும் நடந்தவன்.
ஐந்து இருக்கிற மலை எதுவும் இல்லை.

அன்றைக்குத் தவராணிக்கு அரைப்பேர்.
பதினேழரைக் கிலோ;
அரைக் கிலோ தராசிலேயே நின்றுவிட்டது.
பச்சை படிந்த விரலைச் சூடான பிளேன்டீயில் ஒற்றிக்கொண்டே
கேட்டாள்:
"செத்துக் கிடந்ததுக்கு என்னா போட்டீங்க?
பேரா, அரைப்பேரா?"

உயிரோடு இருப்பதைத்தான் எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.
கடைசிப் பத்தியில் இரண்டு சொல்,
ஒன்றை வெட்ட வேண்டும்:
இல்லை. காணோம்.
ரெண்டும் ஒன்றுதானே என்பார் மாத்தயா.
அவருக்குத் தமிழ் அவ்வளவுதான்.
இல்லை என்றால் கதவைச் சாத்திவிடலாம்.
காணோம் என்றால் யாராவது
டோர்ச் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

இல்லையை வெட்டினேன்.
கார்பன் தேய்ந்துவிட்டது போல,
அடித்தாளில் கோடு விழவில்லை.
ஹட்டனுக்கு இரண்டுமே போகும்.

நேற்று கடைச் சந்தியில் அந்தோனிமுத்து.
கிழங்கெல்லாம் போச்சு என்றான்,
பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து
அந்தக் கிழங்கில்தான் இருந்தது என்றான்.
பிறகு என் சைக்கிளைக் கையால் தட்டி,
"பழைய கம்பி இன்னொண்ணு இருக்குமா அண்ணே?"

இருக்கு என்று சொல்லவில்லை.
இல்லை என்றும்
வாய் வரவில்லை.