சமர்ப்பி

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
பத்தொன்பது நிமிடம் நின்றபோது
டோக்கன் செயலியின் பன்னிரண்டு திரைகளையும்
செயற்கை நுண்ணறிவு வரைந்து முடித்திருந்தது.
கேட் திறந்தது.
நான்தான் பின்தங்கியிருந்தேன்.

முகப்புக்கு ஒரு விவசாயி கேட்டிருந்தேன்.
முண்டாசு, வெள்ளைப் பல், கையில் கோதுமைக் கதிர்.
நெல் என்றேன். திருத்திக்கொண்டது.
குறுவை என்றேன். வயலை இன்னும் பச்சையாக்கியது.
அறுத்து முடித்த குறுவை என்று
மூன்றாம் முறை சொன்னதும்
வெறும் தாளடியில் அவனை நிறுத்திச்
சிரிக்க வைத்தது.

கற்பனைப் பயனரையும் அதுவே தந்தது:
‘முருகன், 45, ஐந்து ஏக்கர், தொழில்நுட்பத்தில் ஆர்வம்.’
கொள்முதல் நிலையத்தில் நான் பார்த்த முதல் ஆள்
செங்கமலம். ஒன்பது மா, குத்தகை.
பட்டா எவர் பெயரிலோ,
ஓடிபி திருப்பூரில் இருக்கும் மகனுக்கு.
போன் திரையில் விரிசல்,
விரிசலில் பதர்.

முதல் பொத்தானிலேயே நின்றுவிட்டார்.
‘சமர்ப்பியாம். யாருக்கு, ராஜகோபாலனுக்கா?’
வரிசையே சிரித்தது. எடை போடுபவரும்.

மாற்றுச் சொல் கேட்டேன். ஒரே மூச்சில் இருபது:
உறுதிசெய், தொடர்க, அனுப்புக, முன்னெடு...
‘முன்னெடு’வில் கொஞ்சம் மயங்கினேன், ஒப்புக்கொள்கிறேன்.
அங்கே எல்லோர் வாயிலும் இருந்தது ஒன்றுதான்:
நெல்லு போட வந்தேன்.
நெல்லு போட்டாச்சா?
‘நெல் போட’ என்று பொத்தானில் எழுதினேன்.
பேச்சுவழக்கு, முறையான சூழலுக்குப் பொருந்தாது
என்று பணிவாக எச்சரித்தது.

குறை மட்டுமே சொல்லக்கூடாது.
ஈர விரல், உச்சி வெயில், உடைந்த கண்ணாடி என்றதும்
எழுத்தைக் கறுப்பாக்கு, பொத்தானைப் பெரிதாக்கு,
ஓரத்தை விட்டு நகர்த்து என்றது.
எனக்கே தோன்றியிருக்க வேண்டியவை.
மறுநாள் கட்டைவிரலைப் புடவையில் துடைக்காமலே
செங்கமலம் அழுத்தினார்.
பட்டது.

டோக்கன் 212. பதினோராம் நாள்.
திரை முழுக்க வண்ணக் காகிதம் தூவி
‘வாழ்த்துகள்!’ என்றது.

ஈரப்பதம் இன்றைக்குப் பதினேழு.
பதினோராம் நாள் எத்தனை என்பதற்குப்
பன்னிரண்டில் ஒரு திரையும் இல்லை.
அவர் என்னைப் பார்த்தார்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

காகிதத்தை அங்கேயே உட்கார்ந்து அழித்தேன்.
அந்த இடத்தில் என்ன வைக்கலாம் என்று கேட்டேன்.
‘இந்தக் கணத்தில் பயனர் என்ன உணர்கிறார்?’
என்று திருப்பிக் கேட்டது.
நல்ல கேள்வி.

நிமிர்ந்தேன்.
படுதாவின் நான்காவது மூலைக்குச்
செங்கல் தேடிக்கொண்டிருந்தார்.

மேக்கால கறுக்குது
என்று தட்டினேன்.
மூன்று புள்ளிகள்
எழுந்தெழுந்து அமர்ந்தன.