எந்த விரல்

கார்த்திகை. பிசான நடவு முடிந்து இருபது நாள்.
சங்கத்துக் கதவை நான் திறக்குமுன்னே
யூரியாவுக்கு வரிசை
சைக்கிள் கடை தாண்டி நிற்கிறது.

செங்கல்லைவிடச் சிறிது அந்தக் கருவி.
உள்ளே வைத்தால் அதற்கு மூச்சு வராது.
வீரவநல்லூர் டவர் எட்டுகிற இடம்
கால்வாய்க் கரையில், மடைக்கு மேல்,
இரண்டு முழம் மட்டும்.
ஸ்டூலை அங்கே போட்டேன்.
வரிசையும் எழுந்து பின்னால் வந்தது.
தூறல்.
குடை எனக்கில்லை, கருவிக்கு.

தங்கபாக்கியம் முறை.
நாற்றுமுடி பிரித்துப் பிரித்து
சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் அப்பிய விரல்கள்.
வலது பெருவிரல்: பொருந்தவில்லை.
முந்தானையில் துடைத்து மறுபடியும்: பொருந்தவில்லை.
ஆள்காட்டி, நடு, மோதிரம்.
யாரோ தேங்காயெண்ணெய் கொடுத்தார்கள்.
பொருந்தவில்லை.

'ஓட்டுக்கு மை வைக்கைல
இந்த வெரலு சரியாத்தான இருந்துச்சு?'

'கால் வெரல வச்சுப் பாருளா'
என்றான் பின்னாலிருந்து சொரிமுத்து.
வரிசை சிரித்தது. அவளும்.

ஒன்பது விரல் முடிந்து
இடது சுண்டுவிரல்.
கதிரடி மெஷினில் சிக்கி
மடங்காமல் போனது.
ஏழு வருஷமாக எந்த வேலைக்கும்
அவள் சேர்த்துக்கொள்ளாதது.
வைத்ததும் பச்சை விளக்கு.

உழைத்த ஒன்பதையும் தெரியாத டில்லிக்கு
சும்மா இருந்ததைத் தெரிந்திருக்கிறது.

ரசீது நெளிந்து வந்தது.
மூட்டை விலை ஒரு வரி.
கீழே, அரசு மானியம் என்று
அதைவிடப் பல மடங்கு.
'இது யாருக்கு அண்ணாச்சி?'
'ஒனக்காக அரசாங்கம் குடுக்கது.'
'எங்க?'
'கம்பெனிக்கு.'
கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தாள்.
'எம் பேருல வாங்குதவுக
ஒருநாளாவது வெரலு சேராம
மழைல நின்னுருப்பாகளா?'
மூட்டையைச் சைக்கிளில் சாய்த்துக் கட்டினாள்.
மாசி அறுவடைக்குள்
ரசீதில் எழுத்தும் வெளுத்துவிடும்.

நான் குறை சொல்வதற்கில்லை.
பழைய பேரேட்டில் கைநாட்டுகள் எல்லாம்
அப்பழுக்கில்லாமல் இருக்கும்.
செத்துப் பதினொரு வருஷமான பூலுடையார்
பூவுக்குப் பத்து மூட்டை வாங்கினார்.
நடுச்சாமம் லாரி வரும்,
விளக்கில்லாமல் மேற்கே போகும்.
எழுதிய கைகளில் என்னுடையதும் ஒன்று.
கருவி வந்த வருஷம்தான்
அவர் நிம்மதியாகச் செத்தார்.

இப்போது செத்தவர்கள் வருவதில்லை.
உயிரோடிருப்பவர்கள்
இருக்கிறோம் என்று காட்ட
மடைமேல் ஏறவேண்டியிருக்கிறது.

ராத்திரி,
உரக் கம்பெனி தந்த டைரியில்
மேலிடத்துக்குத் தெரியாத கணக்கு ஒன்று எழுதுகிறேன்.

சொரிமுத்து: வலது மோதிரவிரல். காலையில் மட்டும்.
உலகம்மாள்: இடது பெருவிரல். வெந்நீரில் கழுவி.
கோயில்பிச்சை: எதை வைத்தாலும் சேரும்
(வட்டிக்கடை).
தங்கபாக்கியம்: இடது சுண்டுவிரல்.
பக்கத்தில், 'இதை வேலைக்கு விடாதே எனச் சொல்லணும்'
என்று எழுதி, அடித்துவிட்டேன்.

ஆவுடையம்மாள்:

பத்தும் பார்த்தாயிற்று.
மருமகளைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.
அவளும் நடவுக்குப் போகிறவள்தான்.