வாயு இல்லை

தையல்நாயகிக்குத் தாடை வலித்தது.
பல் என்றார்கள். கிராம்பைக் கடித்துக்கொண்டு
மூன்றாம் நாளும் நடவுக்கு வந்தாள்.
முதுகுக்குள் யாரோ முளைக்குச்சி அடிக்கிற மாதிரி இருக்கு என்றாள்.
வாயு என்றார்கள். ஓமத்தண்ணீர், சுட்ட பூண்டு,
கோலி சோடா ஒன்று.
நாற்றுமுடி கையிலிருக்க வரப்பில் உட்கார்ந்தாள்.
அன்றைக்கு அவளுக்கு
அரைநாள் கூலிதான் எழுதியிருந்தது.

எங்கள் ஊர் கடைமடை.
மேட்டூர் திறந்த செய்தி முதலில் வரும்.
தண்ணீர் அதற்குப் பிறகு, அதற்கும் பிறகு,
வழியிலிருப்பவர்கள் எல்லாம் பாய்ச்சியது போக.
வீட்டுக்குள்ளும் அப்படியொரு வாய்க்கால்:
அவருக்குச் சர்க்கரை மாத்திரை, பையனுக்குக் கண்ணாடி,
மாட்டுக்குக் கோமாரி ஊசி,
மிச்சமிருந்தால்
அவள் நெஞ்சு.

எனக்கும் வாயு என்றுதான் சொன்னார்கள்,
பதினோரு வருஷம்.
சோகை என்றார் ஒருவர்.
கல்யாணமானால் சரியாகும் என்றார் இன்னொருவர்,
ஆனபின், பிள்ளை பெற்றால் சரியாகும் என்றார்.
தஞ்சாவூரில் ஒரு சின்ன டாக்டர்தான்
குழாயை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.
வேதாரண்யத்துப் பிள்ளை.
"மதகு பழுதும்மா" என்றார்.
வேறெதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது உள்ளே இருப்பது உலோகம்.
ராத்திரியில் டிக் டிக் என்கிறது.
முதல் மாதம் அவர் கூடத்தில் போய்ப் படுத்தார்.
இப்போது அது கேட்காவிட்டால் தூக்கம் வரவில்லையாம்.
முருங்கைக்கீரை அளவாக. மாதம் ஒரு ரத்தச் சோதனை.
கழுத்து ஏறிய ஜாக்கெட்டை நானே தைத்துக்கொள்கிறேன்.

தையல்நாயகி போனபிறகு
குழுக் கூட்டத்தில் தவணை வாசித்து முடித்ததும் எழுந்து நிற்பேன்:
தாடை வலித்தால், முதுகு கனத்தால்,
சும்மா இருக்கையில் வேர்த்தால்
எந்நேரமானாலும் சொல்லுங்கள், கூட வருகிறேன்.
சிரிப்பார்கள்.
"வண்டிக்குக் காசு?" என்றாள் சங்குவள்ளி ஒருநாள்.
அதுதான் சரியான கேள்வி.
மறுவாரம் முதல் ஆளுக்குப் பத்து ரூபாய்,
ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில்.

நேற்று ராத்திரி மூன்று மணிக்கு
ராபியத்தின் மகள் கதவைத் தட்டினாள்.
"அத்தாவுக்குப் போன் போட வேணாங்குறாங்க உம்மா.
சவூதியில டூட்டில இருப்பாகளாம்."
நைட்டி நனைந்து ஒட்டிக்கிடந்தது.
தாடை, என்றாள்.
நான் செருப்பை மறந்தேன்.
பாட்டிலைக் கவிழ்த்து ஆட்டோவுக்கு எண்ணினோம்.

திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில்
தூக்கம் கலையாத ஒருவர்
"கேஸாத்தான் இருக்கும், ஒரு ஊசி போட்டுக்கிட்டுப் போங்க" என்றார்.
"ஈசிஜி எடுங்க."
"நீங்க டாக்டரா?"
"இல்ல. எடுங்க."
"அதுக்கு ஆள் காலைலதான்…"

ஜாக்கெட்டின் மேல் ஊக்கைக் கழற்றினேன்.
இருபது வருஷமாய் மூடி வைத்திருந்தது
குழல்விளக்கின் கீழே
தொண்டைக்குழியிலிருந்து நேராக இறங்கியது.
"இதையும் கேஸுன்னுதான் சொன்னாங்க.
இன்னொருத்திக்கும் சொன்னாங்க.
அவகிட்ட இப்படிக் காட்டுறதுக்கு ஒண்ணுமில்ல."

நர்ஸ்தான் எழுந்து போய் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
தாள் வந்தது. இரண்டு முறை பார்த்தாள்.
அப்புறம் யாரும் கேஸ் என்று சொல்லவில்லை.
ஓடினார்கள்.

ஆம்புலன்ஸில் ஏறுகையில் கேட்டார்கள்:
"இவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"
என்ன சொல்வது.
பக்கத்து வீடு என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

மன்னார்குடி தாண்டும்போது ராபியத்து
ஆக்ஸிஜன் மூடியை விலக்கி
"என்னடி சத்தம் அது, கடியாரமா?" என்றாள்.
"ஆமா. மூடியைப் போடு."
மகள் என் மேல் சாய்ந்து
காதை நெஞ்சில் வைத்தபடி தூங்கிப்போயிருந்தாள்.
ராத்திரி மாத்திரையை நான் போட்டேனா இல்லையா என்று
வடுவூர் ஏரி வெளுக்கும்போதுதான்
யோசிக்கத் தொடங்கினேன்.