தபாலில் படித்த ஊர்

திருமங்கலத்தில் முகூர்த்தம் ஏழரைக்கே முடிந்தது.
வேன் நிறைய உறவு மீனாட்சியைப் பார்க்கக் கிளம்பியது,
அப்புறம் மகால், அப்புறம் ஜிகர்தண்டா.
தலைவலி என்று பொய் சொல்லி நின்றுகொண்டேன்.
பட்டுச்சேலையும் கனகாம்பரமுமாக
இரண்டு பஸ் மாறி
"யுனிவர்சிட்டி ஒண்ணு" என்றேன்.
பெண்களுக்குக் காசில்லை என்று
சீட்டைக் கிழித்துத் தந்தார் கண்டக்டர்.
இந்த ஒரு டிக்கெட்டுக்காக
முப்பது வருடம் முன்னால்
ஓவர்டைம் பார்த்திருக்கிறேன்.

ராஜபாளையத்து மில் விடுதியில்
இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டு என் வகுப்பறை.
காக்கி உறையில் பாடம் வரும்.
சோழர் நிர்வாகத்தில்
காதல் கடிதம் எதுவும் இல்லை என்று
வார்டன் நிச்சயம் செய்த பிறகு
என் கைக்கு வரும்.
கீழ்த்தட்டில் செவத்தியம்மாள்,
"வெளிச்சத்த அந்தாண்ட திருப்புடி" என்று புரள்வாள்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பானிபட்டின் மூன்று போரையும் படித்து முடித்தேன்.
பக்கமெல்லாம் பஞ்சு;
தும்மினால் மொகலாயர்கள் பறப்பார்கள்.

பட்டமும் பதிவுத் தபாலில்தான் வந்தது,
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
ஊரை மட்டும் யாரும் அனுப்பிவைக்கவில்லை.

வாசலில் காவலாளி:
"யாரப் பாக்கணும்?"
யாரை என்று சொல்ல?
"நான் இங்க படிச்சவ."
"எந்த டிபார்ட்மெண்ட்டு?"
"தபால்."
அவர் சிரிக்கவில்லை.
நோட்டைத் திருப்பி
வந்த காரணம் என்ற கட்டத்தில் விரல் வைத்தார்.
சுற்றுலா என்று எழுதினேன்.

உள்ளே வேப்பமரம், பைக்குகள்,
சைக்கிள் நிறுத்தத்தில் ஒரு மயில்,
வருகைப் பதிவேட்டில் அதற்கும் பெயர் கிடையாது.
"அட்மிஷனா ஆன்ட்டி? பொண்ணா, பையனா?"
கேட்ட பெண்ணுக்குப் பதில் சொல்வதற்குள்
அவள் போன் அடித்தது.
கேண்டீனில் ஒரு டீ குடித்தேன்.
சர்க்கரை அதிகம்.
என் பல்கலைக்கழகத்தில் நான் செய்தது
அது ஒன்றுதான்.

வெளியே ஆட்டோவில் ஒச்சப்பன்.
"எதுத்தாப்ல இன்னொரு காலேஜு இருக்குக்கா,
ரொம்பப் பழசு. முன்னூறு குடுங்க."

சமணர் மலை.
தாமரைக்குளம் தாண்டிக்
கொசுவத்தைத் தூக்கிச் செருகி ஏறினேன்,
மூச்சு வாங்கி நின்ற இடத்துக்குப்
பேச்சிப்பள்ளம் என்று பெயர்.
எனக்கும் அதே பெயர்தான்,
பள்ளம் மட்டும் கிடையாது.
பாறையில் வரிசையாக உருவங்கள்,
அடியில் வட்டெழுத்து.
இன்னாருடைய மாணாக்கர் இன்னார் செய்வித்தது
என்று விளக்கினார், அங்கே ஆடு மேய்த்தவர்.
ஆயிரம் வருடம் போயும்
வாத்தியார் பெயரைச் சொல்லித்தான் நிற்கிறார்கள்.
எனக்குப் பாடம் எழுதியது யாரோ?
உறையின் மேல் இருந்ததெல்லாம்
என் பதிவெண்.

மலையைச் சுற்றி
முத்துப்பட்டிப் பக்கம் கொண்டுபோய் விட்டான் ஒச்சப்பன்,
பேசியதற்கு மேல் ஐம்பது.
குனிந்து நுழைந்தால்
கல்லில் வெட்டிய படுக்கைகள்,
தலைமாட்டில் கொஞ்சம் மேடு.

பள்ளி என்பதன் பொருள் யாது?
இரண்டு மதிப்பெண்.
ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர்வு மையத்தில்
ஃபேன் ஓடாத அறையில்
எழுதாமல் விட்டுவந்த கேள்வி.

யாருமில்லை. படுத்தேன்.
பட்டுச்சேலைக்குக் கீழே கல் குளிர்ந்தது.
மேல்தட்டுக் கட்டிலின் அதே அகலம்;
புரண்டால் விழுவோம் என்று
முதுகுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.
கீழே யாரோ வெளிச்சத்தைத் திருப்பச் சொல்வாள் என்று
கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.
ஓணான் ஒன்று வந்து பார்த்துப் போனது.

போன்.
"சித்தி, எங்க இருக்க?
ஜிகர்தண்டா வாங்கிட்டு வரவா?
தலைவலி எப்படி இருக்கு?"

"வாங்கிட்டு வா.
நான் இன்னும் கொஞ்ச நேரம்
படுத்திருக்கேன்."