கலாமாக்காரி

முதல் வாரமே
தலையில் முட்டை உடைத்தார்கள்,
முகத்தில் மாவு, கழுத்தில் பழைய மீன் தண்ணீர்.
வரவேற்பு என்று அதற்குப் பெயர்.
இடது காலணியைப் பிடுங்கிக்கொண்டு
பாலத்தடிச் சிக்னலில் யாஸ்னாவை நிறுத்தினார்கள்.
"ஐயாயிரம் பெசோ சேர்த்து வா, மீட்டுக்கொள்."

பேருந்து ஓட்டுநர் இருநூறு கொடுத்தார்.
அடுத்த காரின் கண்ணாடி பாதி இறங்கியது.
என்ன படிப்பு? காட்டியல்.
எந்த ஊர்? கலாமா.
"அங்கே மரம் ஏது?" என்று சிரித்தவர்
பச்சை விழுந்ததும் காசு கொடுக்காமலே போனார்.

மாலையில் காசோடு வந்தபோது
குவியலில் மிஞ்சியது ஒன்றே ஒன்று.
பழுப்பு நிறம், அரை அளவு பெரியது,
இடது காலுக்கானது என்பது மட்டும் சரி.
போட்டுக்கொண்டு நடந்தாள்.

கலாமாவில் மழை பெய்தால் செய்தி.
வால்தீவியாவில் நின்றால்தான் செய்தி.
ஏப்ரல் முடிவதற்குள் மூன்று குடைகள்
கம்பி வெளியே தெரியச் செத்தன.
நான்காவதை அவள் வாங்கவில்லை.
உள்ளூர்க்காரர்கள் யாரும் குடை பிடிப்பதில்லை
என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

தங்கும் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு விறகடுப்பு.
வெந்நீருக்கு முறை உண்டு, ரொட்டிக்குக் கணக்கு உண்டு.
குளிக்கலாமா?
ஜன்னலைத் திறக்கலாமா?
இன்னொரு கட்டை வைக்கலாமா?
வாயைத் திறந்தால் கடைசியில்
அவள் ஊர்தான் வந்து நின்றது.
கேட்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான்
கேள்வியையே கேட்டாள்.

முதல் தேர்வு:
மேசை மேல் நாற்பது குச்சிகள், நாற்பது எண்கள்,
குச்சிக்கு ஒரு நிமிடம்.
கோய்குவே, உல்மோ, கனேலோ...
இலை என்றால் பச்சை என்று இருந்தவளுக்கு
பச்சைக்குள் இத்தனை பேர் என்று யாரும் சொல்லவில்லை.
பதினொன்று சரி. மதிப்பெண் இரண்டு புள்ளி நான்கு.
நான்கு வந்தால் தேர்ச்சி.

சுரங்கத்தில் முந்நூறு டன் லாரி ஓட்டும் அம்மா
ஷிஃப்ட் இடைவெளியில் அழைத்தாள்.
தேர்வு?
மழை நல்லாப் பெய்யுதும்மா.
அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.
பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டாள்.

மே மாதம், நூலகம்.
கீழே விழுந்த பென்சிலுக்குக் குனிந்தபோது
எதிர் நாற்காலியின் காலடியில்
தன் கறுப்புக் காலணி.
கறுப்புக் கயிறு அறுந்ததால் தானே கோர்த்த சிவப்புக் கயிறு.
நிமிராமல் அப்படியே இருந்தாள்.

ஒரு வாரம் அதே மேசை. ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை.
எட்டாம் நாள்,
"அது என்னுது."
ஓசோர்னோவிலிருந்து வந்த தமாரிஸ்
மேசைக்கடியில் எட்டிப் பார்த்தாள்.
"அப்ப அது என்னுது. உனக்குப் பெருசா இல்லை?"
"பெருசுதான். ரெண்டு காலுறை போடுறேன்."
"எனக்குக் கடிக்குது."

கழற்றத்தான் குனிந்தார்கள்.
நனைந்து இறுகிய முடிச்சு இரண்டுமே அவிழவில்லை.
நூலகம் மூடும் மணி அடித்துவிட்டது.
நாளைக்கு என்றார்கள்.
நாளைக்குக் குச்சிகளோடு வந்தாள் தமாரிஸ்,
பை நிறையக் குச்சிகள்.
கண்ணை மூடு, கடித்துப் பார், இதில் மிளகு இருக்கா?
கனேலோ.
காலணி பேச்சு அதற்குப் பிறகு எடுபடவில்லை.

ஜூலையில் மறுபடி நாற்பது.
மூன்று புள்ளி ஒன்பது.
ஆமாம், ஒன்பதுதான்.
விடுமுறை முடிந்து மறுதேர்வு.

ஊருக்கு வந்த அன்றே அம்மா
காலணிகளை வெயிலில் வைத்தாள்.
நான்கு மாத ஈரம் ஒரு மணி நேரத்தில் போயிற்று.
"ஏன்டி ரெண்டு ரெண்டு கலர்?"
"ஒண்ணு அங்கேயே தங்கிடுச்சு."

இரவில் எழுந்தாள் யாஸ்னா.
பழுப்புக் காலணியின் தையல் ஓரம்
நகமளவு பாசி பிடித்திருந்தது, இப்போது கருகி.
குழாயைத் திறந்தாள், கேட்காமல்.
விரல் நுனியில் தண்ணீர் எடுத்து
அதன் மேல்
சொட்டினாள்.