ஈடு

ஆறாயிரத்து ஐந்நூறு கடன்.
ஈடாகக் கிற்றாரை வைத்துவிட்டுக்
கட்டாருக்குப் போன மெல்ரோய் பார்த்தலட்
பதினொரு வருடமாய்த் திரும்பவில்லை.

அரசடியில் றிபாய்தீன்
ஒரு கண்ணை மூடிக் கழுத்தை நீளப் பார்த்தான்.
பிரிட்ஜ் எழும்பிக் கிடக்கு. அடிப்பலகை வெடிப்பு.
ஒன்பதாயிரம் முடியும்.
"புதுசு பதினாலுக்கு வாங்கலாம், சேர்."

விற்றால் என்ன வரும் என்று கேட்க வாயெடுத்தேன்.
அவன் கம்பியைச் சுண்டினான்.

"ஆரு இத முறுக்கின மாதிரியே வச்சிருந்த?
தளர்த்தியிருந்தா கழுத்து வளைஞ்சிருக்காது."

அலுமாரிக்கு மேல்
உறை போட்டு,
தூசி படாமல்.
நான்தான்.

ஆறு கம்பியையும் இளக்கினான்.
அதற்குக் காசு வாங்கவில்லை.
கல்லடிப் பாலத்தில்
மோட்டார் சைக்கிளின் பின்னால் அது
ஒரு சத்தமும் போடாமல் வந்தது.

மெல்ரோயின் நம்பர் யாரிடமாவது இருக்கும்.
நான் எவ்வளவு தர வேணும் என்று
கேட்க வேண்டும்.